ஒற்றைத் தோட்டா, இரண்டு குழல்

1

ஆமாம், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரைக்கும் கரையோரக் குப்பங்களில் பேசிக்கொள்வது உண்மைதான். அதை வைத்து மான் சுட்டதும் உண்மை, சுட்ட மானை அறுத்துக் குழம்பு வைத்ததும் உண்மை. ஆனால் இடுப்பில் செருகிக்கொண்டு கடைவீதியில் நடக்கிறேன் என்பதும், ஒரு வெள்ளைக்காரனைச் சுட்டுவிட்டு ஜெயிலில் இருக்கிறேன் என்பதும் யாரோ கிளப்பிவிட்ட கதை.

இந்தக் கதையெல்லாம் என் தம்பி ஏகாம்பரம் எழுதித்தான் எனக்குத் தெரியும். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "அக்கா, நீ அங்க துப்பாக்கி வச்சிகினு சுத்துறியாமே? பொண்ணு வூட்டுக்காரங்க கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது? கல்யாணம் முடியற வரிக்கும் அத்த வுட்டுடேன். நைனா மட்டும் சிரிச்சிகினு கீறாரு" என்று எழுதியிருந்தான். நான் வீட்டை விட்டுக் கிளம்பியதும் ஒரு தை மாதம், இந்தக் கடிதமும் தை மாதத்தில் வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் இந்த மாதத்தில் கொஞ்சம் மனசு கனக்கும். இந்த வருஷம் கோபம்தான் வந்தது.

அவனுக்கு அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். பெண் வீட்டார் கேட்டால் ஆமாம் என்று சொல், அதற்குப் பயந்து ஓடுகிற சம்பந்தம் ஓடட்டும் என்று. மற்றவர்கள் கேட்பதற்கு இந்தப் பத்திரிகையில் பதில் எழுதுகிறேன். ஊரில் பத்திரிகை படிக்கிறவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

என் பெயர் தனம். எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே. என் அப்பா, நைனா, கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போனவர். நான் செங்கல்பட்டில் நர்ஸ் படித்து, அங்கேயே வேலை பார்த்து, நர்ஸ்கள் வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து ஆள் எடுத்த நேரத்தில் கிளம்பி வந்தவள். என் வீட்டுக்காரர் கன்னியப்பன் செங்கல்பட்டில் லேத்துப் பட்டறையில் இருந்தவர். இங்கே மரம் அறுக்கும் மில்லில் வேலை. கனடா எல்லைக்குக் கொஞ்சம் கீழே, நாலு பக்கமும் மலை. எங்களைத் தவிர இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர் கிடையாது. எங்கள் மகள் கயல்விழியையும் கணக்கில் சேர்க்க முடியாது. அவள் தமிழைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

2

இலையுதிர்காலம் வந்தால் இந்த ஊரில் ஆண்கள் பாதிப் பேர் வேலைக்கு வருவதில்லை. மில்லே அரை உசிரில் ஓடும். மான் வேட்டை. ஒவ்வொரு வீட்டிலும் கறி வைக்கப் பெரிய ஐஸ் பெட்டி. ஒரு மான் அடித்தால் குளிர்காலம் முழுக்கக் கறி வாங்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு மான்கறி கொண்டுவந்து, எனக்கும் ஒரு துண்டு வைப்பார்கள். நான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். குப்பத்தில் பிறந்தவளுக்கு அது பொறுக்காது. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டு மீனை வாங்கினால், நம் வலையில் விழும் நாளில் நம் மீன் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

நானும் வேட்டைக்குப் போகிறேன் என்று சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்கக் காரணமும் இருந்தது. வந்த முதல் பனிக்காலத்தில் எங்கள் கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. என் வலது தோள் எலும்பு உடைந்து, கோணலாகக் கூடியது. பெரிய துப்பாக்கியின் கட்டையைத் தோளில் அழுத்திப் பிடித்துத்தான் சுட வேண்டும், வெடிக்கும்போது அது பின்னால் உதைக்கும். "அந்தத் தோளில் அந்த உதை வாங்கினால் மறுபடி என்னிடம்தான் வருவாய்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, தோளில் வைக்காமல் சுடுகிற துப்பாக்கி எது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

கடைக்காரன் பெயர் ரே. என் வயசுதான் இருக்கும், வாய் ஓயாது. அவன்தான் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அதை எடுத்து வைத்தான். கைத்துப்பாக்கி, ஆனால் சினிமாவில் பார்ப்பது மாதிரி இல்லை. குழல் முக்கால் முழ நீளம். சுழலும் உருளை கிடையாது. விசைக்கு வெளியே இருக்கும் வளைவைப் பின்னால் இழுத்தால் நடுவில் மடிந்து திறக்கும். ஒரே ஒரு தோட்டா போடலாம். சுட்டால் மறுபடி திறந்து, எடுத்து, போட்டு, மூட வேண்டும். கீழே ஒரு மரக்கட்டையைக் கழற்றி ஒரு ஊசியைத் தள்ளினால் குழலே தனியாக வந்துவிடும். அதே கைப்பிடியில் வேறு குழல் மாட்டலாம்.

"சின்னக் குழலில் பழகு. சத்தம் கம்மி, உதை கிடையாது, தோட்டாவும் மலிவு. கை படிந்த பிறகு பெரிய குழலை மாட்டு. பிடி அதேதான், விசை அதேதான், உன் கைக்குப் புதுசாக எதுவும் தெரியாது" என்றான் ரே.

"ஒரே ஒரு தோட்டாதானா?"

"ஒன்றில் முடியாதவர்கள் இதை வாங்கக் கூடாது."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

எங்கள் இங்கிலீஷ் அங்கே பட்ட பாடு தனிக் கதை. நான் 'ஒரு டப்பா புல்லட்' கேட்டால், புல்லட் என்பது நுனியில் இருக்கும் ஈயம் மட்டும் என்று பாடம் எடுத்தான். துப்பாக்கியைக் கையில் வாங்கும்போதெல்லாம் 'சேம்பர்', அதாவது தோட்டா உட்காரும் பொந்து, காலியா என்று முதலில் பார்க்க வேண்டும், யார் கொடுத்தாலும் பார்க்க வேண்டும், அவர்கள் பார்த்துவிட்டதாகச் சொன்னாலும் பார்க்க வேண்டும் என்றான். என் வீட்டுக்காரர் என் காதருகே, "இன்னா தனம், சேம்பர்ன்றான்? இங்க எங்க கீது செங்கல் சூளை?" என்றார். செங்கல்பட்டுப் பக்கம் சேம்பர் என்றால் செங்கல் சுடுகிற இடம்தானே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்காதே என்று ரே அதட்டினான். அவன் அதட்டியதும் சரிதான்.

3

துப்பாக்கி என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதுசு இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை உங்களுக்குப் பாதிதான் புரியும்.

என் அம்மா திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர்க்காரி. அவளுக்குப் பிறந்த வீட்டுப் பங்காகக் கொஞ்சம் கொல்லை, மானாவாரி நிலம், வந்தது. மழையை நம்பி மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுவோம். கடலில் மீன் இல்லாத மாதங்களில் நைனா அங்கே போய்த் தங்குவார். காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் மலையிலிருந்து இறங்கும். ஒரே ராத்திரியில் உழுது போட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். தகரம் தட்டிப் பார்த்தார், வெடி போட்டுப் பார்த்தார். பன்றிகள் நாலு நாளில் வெடிக்குப் பழகிவிட்டன.

பக்கத்துக் கொல்லைக்காரர், பெரிய மனிதர், துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தார். நைனாவும் மனு எழுதி வாங்கிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு ஆபீசுக்குப் போனார். லீவு நாள் என்பதால் என்னையும் அழைத்துப் போனார். இங்கிலீஷ் எழுதியிருந்தால் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று.

அந்த அதிகாரி மனுவைப் பார்க்கவில்லை, நைனாவின் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை.

"இன்னா தொழில்?"

"கடல் தொழிலுங்க. கொல்லையும் கொஞ்சம் கீது."

"மீன் புடிக்கிறவனுக்குத்தான் வலை கீதே. துப்பாக்கி எதுக்குடா?"

"பன்னி வலையில மாட்டாதுங்க" என்றார் நைனா.

நைனா நக்கலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் ஆபீசில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதிகாரியின் முகம் கறுத்தது. மனுவை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். அதன்பிறகு எத்தனை தடவை போனாலும் விசாரணையில் இருக்கிறது என்ற ஒரே பதில்.

அடுத்த பயிரில் ஒரு பன்றி நைனாவைக் கிழித்தது. தொடையில், எலும்பு தெரிகிற அளவுக்கு. நான் அப்போது நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். நான் வேலை பழகிய வார்டுக்கே அவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தையல் போடும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர் கொஞ்சம் தெளிந்ததும் என்னிடம் சொன்னார்: "அந்த ஆளு குடுத்திருந்தாலும் நான் ஒழுங்கா சுட்டிருப்பேனோ இன்னாவோ. ஆனா கேட்டதுல இன்னாம்மா தப்பு?"

கால் வளைந்துவிட்டது. கட்டுமரத்தில் நிற்க முடியவில்லை. கடல் தொழில் அதோடு போயிற்று. என் சம்பளத்தில்தான் பிறகு வீடு நடந்தது. நான் கடல் தாண்டி வந்ததற்கும் அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

4

இங்கே வேட்டை லைசென்ஸ் வாங்கப் போன நாளன்று அந்தச் செங்கல்பட்டு ஆபீஸ்தான் கண்ணில் நின்றது. கிரீன் கார்டு, வீட்டு வரி ரசீது, கார் லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு போனேன். நல்ல செருப்பு, ஏன், பூட்ஸே போட்டுக்கொண்டு போனேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் என் வீட்டுக்காரரிடம் பேனாவை நீட்டினாள்.

"எனக்கு இல்லை, அவளுக்கு" என்றார்.

"உங்களுக்கு இல்லையா?"

"எனக்குக் கறி போதும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்த நாட்டுப் பிரஜை இல்லாதவர்களுக்கு இங்கே சட்டத்தில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஏலியன். வேற்றுக் கிரகத்திலிருந்து இறங்கி வருகிற ஜந்துவுக்கும் அதே சொல்தான். "ஏலியனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டும்" என்று உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. வந்து, நாளைக்கு வாருங்கள் என்றாள். நான் நகரவில்லை. "நாளைக்கு எனக்கு டியூட்டி. இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர், "தனம், பேஜாரு பண்ணாத, வா" என்று இழுத்தார். "நீங்க போய் காபி குடிச்சிட்டு வாங்க. நான் எழுந்துக்க மாட்டேன்" என்றேன்.

சாயங்காலம் மூடுவதற்குள் லைசென்ஸ் வந்தது. குடியேறி நிலையாக வசிப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதை எடுத்துப் படிக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு பழக்கம். ஊருக்கு வெளியே, குன்றை வெட்டிய இடத்தில், துப்பாக்கி சுட்டுப் பழகும் களம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் காதடைப்பு மாட்டிக்கொண்டு நிற்போம். என் வீட்டுக்காரர் காகிதத் தட்டை ஒரு பலகையில் குத்திவைப்பார். சாப்பாட்டுத் தட்டு அகலம். மானின் உயிர் இருக்கும் இடமும் அவ்வளவுதான் என்று ரே சொல்லியிருந்தான். எந்தத் தூரத்தில் எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உன் தூரம், அதற்கு ஒரு அடி தள்ளி நின்றாலும் அந்த மான் உன்னுடையது இல்லை என்பான்.

ஆரம்பத்தில் தட்டில் படவே இல்லை. விசையை இழுக்கும்போது என்னையறியாமல் கண் மூடிக்கொள்ளும். ஊசி போடும்போது நோயாளிகள் செய்வதேதான். நான் அவர்களிடம் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: மூச்சை விடு, எண்ணாதே. சின்னக் குழலில் ஒரு கோடை முழுக்கச் சுட்டேன். நின்றுகொண்டு சுட்டால் குழல் ஆடியது. உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி அதன்மேல் குழலை வைத்தால் ஆடவில்லை. பெரிய குழலை மாட்டிய முதல் நாள் சத்தத்தில் மலையே திரும்பிப் பேசியது. மணிக்கட்டு வலித்தது, தோள் வலிக்கவில்லை. ஐம்பது கஜத்தில் எல்லாம் தட்டுக்குள். அறுபதில் ஒன்று வெளியே போனது. ஐம்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அங்கே வருகிறவர்களில் ஹாங்க் என்று ஒருவன். மில்லில் என் வீட்டுக்காரருக்கு மேஸ்திரி. ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "அது பொம்மை. அதை வைத்து மானைக் காயப்படுத்தி விட்டுவிடுவாய். நாங்கள் மூன்று நாள் ரத்தம் தேடி அலைய வேண்டும். வீட்டில் இருந்துகொண்டு உருளைக்கிழங்கு வேகவை."

காயப்படுத்தக் கூடாது என்று அவன் சொன்னது நியாயம். உருளைக்கிழங்கு நியாயம் இல்லை. "ஐம்பது கஜத்துக்கு மேல் நான் சுட மாட்டேன். நீ எத்தனை கஜத்தில் நிறுத்துவாய்?" என்று கேட்டேன். பெரிய துப்பாக்கிக்காரர்கள் பலருக்கு அப்படி ஒரு எல்லையே கிடையாது.

கயலுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைக் கேல் என்று கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். வகுப்பில் எல்லோர் வீட்டிலும் துப்பாக்கி உண்டு, ஆனால் அப்பாவிடம். "வை காண்ட் யூ பி லைக் அதர் மாம்ஸ்?" என்றாள். தமிழில் கேட்டால்தான் பதில் சொல்வேன் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

5

முதல் வருஷ வேட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுருக்கமாகத்தான் முடிந்தது.

ஓடைக்கரைப் புதருக்குள் விடியலிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பெட்டை மான் ஒன்று வந்தது. அந்த வருஷம் பெட்டை சுட அனுமதி இருந்தது. நாற்பது கஜம் கூட இருக்காது. பக்கவாட்டில் நின்று தண்ணீர் குடித்தது. குச்சியின் மேல் குழல் அசையவில்லை. விசையை இழுத்தேன்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு ஓடக்கூட இல்லை, நடந்தே போனது.

நடந்தது இதுதான். சின்னத் தோட்டாவை அதன் ஓரத்தில் அடித்தால்தான் வெடிக்கும், பெரியதை நடுவில் அடிக்க வேண்டும். துப்பாக்கியின் பின்னால் ஒரு சுத்தி உண்டு, சுடுமுன் தூக்கி வைத்தால் விசையை இழுத்ததும் விழுந்து தோட்டாவை அடிக்கும்; அதில் இதற்காக ஒரு சின்னத் திருகு இருக்கிறது. குழல் மாற்றும்போது அதையும் திருப்பி வைக்க வேண்டும். முந்தின நாள் சின்னக் குழலில் சுட்டுப் பழகிவிட்டுப் பெரிய குழலை மாட்டிய நான் திருகைத் திருப்பவில்லை.

ரேயிடம் சொன்னேன். அவன் மூலம் ஊருக்கே தெரிந்தது. மில்லில் ஹாங்க் என் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கைத் தட்டி 'டிக்' என்பான். குளிர்காலம் முழுக்க டிக். என் வீட்டுக்காரர் பொறுமைசாலி. ஆனால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து தொப்பியை வீசினார். "வித்துத் தொலச்சிடலாம் தனம். அந்தாளு வாய்க்கி நானா கெடச்சேன்?"

"விக்கறதா? அடுத்த வருஷமும் நான் அதே எடத்துல போய்த்தான் குந்துவேன்" என்றேன்.

அவர் வீசிய தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்து சிவப்புப் பெயிண்ட் எடுத்தார். பெரிய குழல் மாட்டினால் திருகு எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அங்கே ஒரு பொட்டு வைத்தார். லேத்துக்காரர் கை, பிசிறு இல்லாத பொட்டு.

6

அடுத்த வருஷம் அதே புதர், அதே ஓடை. ஓரத்தில் பனிக்கட்டி. சீசன் முடியப்போகிற வாரம். அதுவரை ஒன்றும் கிட்டே வரவில்லை. விரல் மரத்துவிடக் கூடாது என்று கையை அக்குளில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கிடா மான் வந்தது. கொம்பு பெரிதில்லை. எண்பது கஜத்தில் நின்று பட்டையைக் கடித்தது. ஹாங்க் மாதிரி ஆளுக்கு அது கைக்கெட்டும் தூரம். எனக்கு இல்லை. குழலைக் குச்சியில் வைத்து, சுத்தியைத் தூக்காமல் காத்திருந்தேன். அது திரும்பிப் போனால் போகட்டும் என்று இருந்தேன் என்றால் பொய். போகாதே, போகாதே என்று உள்ளே கதறிக்கொண்டிருந்தேன். காற்று என் முகத்தில் அடித்தது நல்லதாயிற்று, என் வாடை அதற்குப் போகவில்லை. மெல்ல இறங்கி வந்தது. ஐம்பது கஜம் என்று நான் முன்னமே அளந்து வைத்திருந்த சாய்ந்த மரத்தைத் தாண்டியது. சிவப்புப் பொட்டைப் பார்த்தேன். சுத்தியைத் தூக்கினேன். மூச்சை விட்டேன்.

வெடித்தது. புகை கலைவதற்குள் மான் இல்லை. பாய்ந்து புதருக்குள் போய்விட்டது.

கையில் காலித் துப்பாக்கி. மூன்று நாள் ரத்தம் தேடி அலைய வேண்டும் என்ற ஹாங்கின் குரல்தான் காதில். இன்னொரு தோட்டாவைப் போட்டு மூடிக்கொண்டு, உடனே ஓடக் கூடாது என்று ரே சொன்னதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து அது நின்ற இடத்துக்குப் போனேன். பனியில் ரத்தம் இருந்தது. நர்ஸுக்கு ரத்தம் பேசும். நுரை கலந்த வெளிர் சிவப்பு, நெஞ்சிலிருந்து வருவது. தொடர்ந்து போனேன். முள்ளுக்கு அந்தப் பக்கம், தூரமில்லை, மான் கிடந்தது. கண் திறந்திருந்தது, உயிர் இல்லை.

பக்கத்தில் மண்டி போட்டேன். கழுத்தில் கை வைத்தேன், சூடு. அழுகை வந்தது, அழுதேன். அதற்காக வெட்கப்படவில்லை, சுட்டதற்காகவும் வெட்கப்படவில்லை.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தனம்! இன்னா தனம்!" வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கறி கெடும். கத்தியை நானே எடுத்தேன். சுறாவுக்கும் திருக்கைக்கும் பழகிய கை. அவர் மானின் காலைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

போகிற வழியில் வேட்டை வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற இடம். சீருடைக்காரர் வண்டியின் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் போனார். "நல்ல மான். எத்தனை கஜம்?"

"நான் டிரைவர்" என்றார் என் வீட்டுக்காரர்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஹாங்கின் வண்டி. அவனுக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. இறங்கி வந்தான், குண்டு போன இடத்தைக் குனிந்து பார்த்தான். விலா எலும்புக்கு நடுவில், தோளுக்குப் பின்னால்.

"அதிர்ஷ்டம்" என்றான்.

"நாற்பத்தைந்து கஜம்" என்றேன். "அடுத்த வருஷமும் வருவேன். அப்போதும் அதிர்ஷ்டம் என்று சொல்."

அவன் தன் வண்டிக்குத் திரும்பினான். நாக்கைத் தட்டவில்லை. மறுநாளிலிருந்து மில்லில் ஹாங்க் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். அன்பு என்று நினைக்க வேண்டாம். ஆனால் பெயர்.

ஆஸ்பத்திரியில் எனக்கு அதுவரை கறி கொடுத்த ஒவ்வொருத்திக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கயல் மட்டும் தொடவில்லை. டெலிவிஷனில் மான்குட்டி பேசுகிற கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவள். ஒரு வாரம் ரொட்டியும் கடலை வெண்ணெயும் தின்றாள். வற்புறுத்தவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்கிறாள், நின்று சொல்கிறாள். அந்தப் பிடிவாதத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியாதா.

7

கடைசியாக ஒன்று. இதைப் பார்த்தவர்கள் யாரோ ஊருக்கு எழுதித்தான் கதை குப்பம் வரைக்கும் வந்தது என்று நினைக்கிறேன்.

இங்கிருந்து காரில் பாதி நாள் போனால் பெரிய நகரம். அங்கே சில தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்த சனிக்கிழமை, ஒரு டாக்டர் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு சமையல் கொண்டுவர வேண்டும். கோழி வரும், ஆட்டுக்கறி வரும், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த வருஷம் நான் மான்கறியை மிளகு போட்டு வறுத்து, பெரிய குண்டான் நிறையக் கொண்டுபோனேன்.

டாக்டரின் மனைவி மூடியைத் திறந்தார். "வாசனை நல்லா இருக்கே. ஆடா?"

"மான்க்கா. நானே சுட்டது."

மூடி கீழே வந்துவிட்டது. என்னைத் தனியாக ஜன்னலோரம் கூட்டிப்போனார். "தனம், தப்பா எடுத்துக்காதே. நாமெல்லாம் இந்த நாட்டுல ஒரு கௌரவத்தோட இருக்கோம். காட்டுக்குப் போய் மிருகத்தை அடிச்சுத் திங்கிறது, அதுவும் ஒரு பொம்பளை... இவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இவங்கதாங்க்கா எனக்குக் கத்துக் குடுத்தாங்க."

"உனக்குப் பழக்கம் இருக்கலாம். உங்க பக்கத்துல மீனெல்லாம் பிடிக்கிறவங்கதானே" என்றார், மிகவும் மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாதாம்.

வலிக்கவில்லை. "ஆமாங்க்கா. பிடிக்கிறவங்கதான்" என்றேன், மெதுவாக இல்லாமல். ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பாட்டு மேஜையில் எல்லோருடைய பாத்திரமும் இருந்தது. என் குண்டானை மட்டும் காணோம். கேட்டதற்கு, இடமில்லை, கார் ஷெட்டில் வைத்திருக்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. "வூட்டுக்குப் போயிடலாம் தனம்" என்றார். கயல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குப் போகணும்? எல்லாரும் சாப்பிடத்தானே வந்தோம்."

அடுக்களையிலிருந்து ஒரு கரண்டியும் தட்டுகளும் எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். வீட்டுக்குள்ளிருந்தே ஒரு கதவு உண்டு. உள்ளே ஐஸ் மாதிரி குளிர். ஒரு மூலையில் சின்ன கியாஸ் அடுப்பு, கூடாரம் போடப் போகிறவர்கள் வைத்துக்கொள்வது, இருந்தது. பற்றவைத்துக் குண்டானை ஏற்றினேன். இரண்டு சாமான் பெட்டிகளை இழுத்துப் போட்டு, மேல்கோட்டோடு உட்கார்ந்தோம். கயல் சாதமும் அப்பளமும் வைத்துக்கொண்டாள். கறி வேண்டாம் என்றாள், ஆனால் பெட்டியில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

கறி சூடேறியதும் மிளகு வாசனை கிளம்பியது. முதலில் வந்தவன் படிக்க வந்த ஒரு இளைஞன், எங்கோ மதுரைப் பக்கம். பிறகு அவன் கூட்டாளி. பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண். "கொஞ்சம் காரமா ஏதாவது தின்னு எத்தனை நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே கீழே குந்தினாள். யாரும் என்னைப் பாராட்ட வரவில்லை, பசித்து வந்தார்கள். எனக்கு அது போதும். வந்தவர்கள் எப்படிச் சுட்டாய் என்று கேட்டார்கள். நான் ஓடையையும் குச்சியையும் ஐம்பது கஜக் கணக்கையும் சொல்லிக்கொண்டிருந்தபோது டாக்டரே தட்டோடு வந்து நின்றார். நாசூக்கான மனிதர், கண்ணாடி, டை.

"எலும்புத் துண்டு இருக்காம்மா?"

இருக்கிறது என்றேன். பெட்டி காலியில்லை, நின்றுகொண்டே கடித்தார்.

உள்கதவு திறந்தது. அவர் மனைவி. புருஷன் கையில் எலும்பைப் பார்த்தார், தன் வீட்டுக் கார் ஷெட்டில் குந்தியிருக்கும் விருந்தாளிகளைப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் என்னிடம் சொன்னார்:

"தனம், அந்தக் கதவையாவது சாத்திவை. வாசனை ஹால் வரைக்கும் வருது."

நான் கரண்டியை விடாமல் எழுந்தேன். கதவை முழுசாகத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி காலால் ஒரு பெட்டியைத் தள்ளி முட்டுக் கொடுத்தேன்.

"வரட்டுங்க்கா" என்றேன். "உள்ள இருக்கிறவங்களுக்கும் பசிக்கும்."